அழித்து எழுதிய ஏழு எண்கள்

ஆறு எண்களை அழித்து எழுதி முடித்திருந்தேன். ஏழாவதைத் தேடி அப்பாவின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா கை கழுவ மூன்று நிமிடமாவது ஆகும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். ஆய்வகத்தில் இருபத்தாறு வருடப் பழக்கம் அது. அதை நம்பித்தான் நான் இறங்கினேன். அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் முடித்துவிட்டார். இல்லையென்றால் நான்தான் மெதுவாக எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் தேய்த்தால் ரப்பர் ஒழுங்காக அழிக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. தாளெல்லாம் சாம்பல் நிறமாக இழுத்துக்கொண்டு போனது.

குடைப் படம் கிடைத்தது. அதன் பக்கத்தில் பதினான்கு. தாளில் இருந்த முப்பத்தொன்றை அழித்தேன், பதினான்கு போட்டேன், நோட்டை இழுப்பறைக்குள் தள்ளினேன், ரப்பர்த் துகளை ஊதினேன். கதவு திறந்தது.

"என்ன வாண்டு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?" அப்பா துண்டில் கையைத் துடைத்தபடியே வந்தார். "இத்தனை நாள் மூளையைப் பார்த்துட்டு இன்னைக்குத்தான் பயம் வந்துச்சா?"

"பசிக்குதுப்பா."

"அப்படியே அம்மா. வயித்தைக் கேட்டுத்தான் மத்ததெல்லாம்." தாளின் மேல் குனிந்தார். ஒவ்வொரு வரியாக விரல் கீழே இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. "இது முப்பத்தொண்ணு இல்ல?"

நான் ரப்பரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"எதுப்பா?"

"இந்த எஸ் பதினேழு. முப்பத்தொண்ணுன்னு எழுதின மாதிரி இருக்கு."

"இல்லப்பா. பதினாலுதான் எழுதினீங்க. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல. தெரியாத தெருவில் நின்று வழி கேட்கிறவர் சொல்பவரின் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்படியா. அப்ப சரி. வேற எதையோ நினைச்சுட்டேன் போல."

தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஆய்வகத்தை நடத்துகிற மேடத்தின் அறை வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். வரும்போது விசிலடித்துக்கொண்டே வந்தார்.

இது நடந்து எட்டு நாள் ஆகிறது. இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இரவு மணி ஒன்றேகால். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், ஆனால் இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பாதான். அவரிடம்தான் சொல்ல முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பாவின் வேலை எண்ணுவது. இறந்த பிறகு மூளையைத் தானமாகக் கொடுத்தவர்களின் மூளையிலிருந்து முடியைவிட மெல்லிய சீவல்கள் எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழே வைப்பார்கள். அதில் புதிதாகப் பிறந்த செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். அப்பா அவற்றை 'பிஞ்சு' என்று சொல்வார். அவரைப் பார்த்து அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது பிஞ்சு ஆகிவிட்டது. வீட்டில் அம்மாகூட "இன்னைக்கு எத்தனை பிஞ்சு?" என்றுதான் கேட்பாள், ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தவரைக் கேட்பது மாதிரி.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நாங்க படிக்கறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? பொறக்கறப்ப இருந்த மூளை செல்தான், அதை வெச்சுத்தான் சாகற வரைக்கும் ஓட்டணும், புதுசா ஒண்ணும் வராதுன்னு. அப்புறம் எலியில பார்த்தாங்க, கிழட்டு எலிக்கும் புதுசு முளைக்குது. மனுஷனுக்கு முளைக்குதான்னு இன்னும் சண்டை ஓயலை. ஒரு லேப் ஆயிரக்கணக்குல இருக்குங்குது. இன்னொரு லேப் ஒண்ணுமே இல்லைங்குது."

"யார் சொல்றது சரி?"

"அதுக்குத்தான் எண்ணறோம். யாரு எண்ணினான், எப்படி எண்ணினான், அதுலதான் எல்லாம் இருக்கு."

காதுக்கு உட்பக்கமாக, சுண்டுவிரல் அளவுக்கு வளைந்த ஒரு பகுதி. அங்கேதான் பிஞ்சு தேடுவார்கள். இந்த ஆராய்ச்சியில் அறுபத்திரண்டு பேர். வயதான பிறகும் நினைவு நன்றாக இருந்தவர்கள் பாதி, நினைவு தேய்ந்துபோனவர்கள் பாதி. எந்தத் தகடு யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. பெரிய டாக்டரான மேடம் பெயரை எல்லாம் மறைத்துக் குறியீடு ஒட்டித்தான் கொடுப்பார்.

எண்ணுவதற்கு விதி உண்டு. திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். பிஞ்சு ஒரு கட்டத்தின் மேல்கோட்டையோ வலதுகோட்டையோ தொட்டால் அது கணக்கில் சேரும். கீழ்கோட்டையோ இடதுகோட்டையோ தொட்டால் சேராது. இல்லாவிட்டால் ஒரே பிஞ்சை இரண்டு கட்டத்திலும் எண்ணிவிடுவோம். "மேல, வலது உள்ள. கீழ, இடது வெளிய." நான் பல் விழுந்த வயதிலேயே இதை மனப்பாடம் செய்துவிட்டேன். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். அம்மா டாக்ஸி கம்பெனியில் மாலை நேரத்தில் வண்டிகளை அனுப்புகிற வேலை பார்க்கிறாள். அதனால் பள்ளி விட்டதும் நான் அப்பாவின் அறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். மேடம் ஒன்றும் சொல்வதில்லை.

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. எண்ணி முடித்த ஒவ்வொரு தகட்டுக்கும் எண்ணை எழுதி, பக்கத்தில் அந்தச் சீவலின் ஓரத்தைச் சின்னதாக வரைந்து வைப்பார். சாயம் ஏற்றும்போது ஓரம் கிழியும், மடியும். ஒன்று காற்றில் திரும்பிப்போன குடை மாதிரி. ஒன்று உடைந்த பல். ஒன்று நாய் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஏன் வரைகிறீர்கள் என்று கேட்டால், "ஒவ்வொண்ணும் ஒரு ஆளு இல்லையா. வெறும் நம்பரை மட்டும் எழுதினா மரியாதையா இருக்காது" என்பார். அடுத்த முறை எண்ணும்போது அந்த நோட்டைத் திறக்கக் கூடாது. திறக்கவும் மாட்டார்.

ஏனென்றால் ஒரு பரீட்சை உண்டு. அப்பா ஏற்கெனவே எண்ணிய பத்துத் தகடுகளை மேடம் எடுத்து, குறியீட்டை மாற்றி ஒட்டி, புதிய தகடுகளோடு கலந்துவிடுவார். எண்ணுகிறவருக்குத் தெரியாமலே பழையதை மறுபடி எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அவர் கண்ணை நம்பலாம்.

அப்பாவிடம் அது செல்லுபடியாகாது. தகட்டை வைத்த மாத்திரத்தில், "மேடம், இந்தக் குடைக்காரரை நான் போன வருஷமே பார்த்துட்டேன். வேற ஆளை அனுப்புங்க" என்பார். மேடம் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கூடக் கொடுத்துப் பார்த்தார். அப்பா கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தலைகீழா நிக்கறாரு" என்றார். அங்கே வேலை செய்கிற கண்ணாடி அண்ணன் (மூன்று முறை கண்ணாடியை உடைத்ததால் அந்தப் பெயர்) சிரித்துச் சிரித்து இருமினார். "சார், உங்களைப் பொண்ணு பார்க்க அனுப்பினா மொத்தக் கல்யாண மண்டபத்தையும் ஞாபகம் வெச்சுட்டு வருவீங்க."

அப்படிப்பட்டவர்.

முதலில் வண்டிதான். ஆய்வகத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடம், வரிசை வரிசையாகத் தூண்கள். ஒருநாள் அப்பா ஒன்பதாம் எண் தூணுக்கு நேராகப் போய் நின்றார். அங்கே வண்டி இல்லை. "யாரோ எடுத்துட்டான்" என்று முகம் சிவந்துவிட்டது. ஒன்பதில் நிறுத்தியது முந்தின நாள். அன்றைக்கு நிறுத்தியது நான்காவது தூண். நான் காட்டியதும் சிரித்துச் சமாளித்தார். அடுத்த வாரம் மறுபடியும். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. நான் எதுவும் சொல்லாமல் ஒரு அடி முன்னால் நடக்க ஆரம்பித்தேன், அவர் என் பின்னாலேயே வரட்டும் என்று.

நேற்று நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்து வைப்பதுதான் பிஞ்சுகளின் வேலையாக இருக்கலாம் என்று ஒருநாள் அப்பாதான் எனக்குச் சொல்லியிருந்தார். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இரண்டு நாட்களை இரண்டு நாளாகவே வைத்துக்கொள்வது. அது எனக்கு நான்காவது தூணின் பக்கத்தில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. அவர் தலைக்குள் எத்தனை மிச்சம் இருக்கும்? உயிரோடு இருக்கிறவருடைய பிஞ்சை யாராலும் எண்ண முடியாது. அதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு இது கேலியாகத்தான் இருந்தது. "அடுத்தவங்க மூளையை எண்ணி எண்ணி, சொந்த மூளையை அங்கயே மேசை மேல மறந்து வெச்சுட்டு வர்றாரு உங்கப்பா. நாளைக்குப் போறப்ப ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா." அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஐம்பத்தேழு வயதில் எல்லோருக்கும் கொஞ்சம் மறக்கும்தானே. தைராய்டு, தூக்கமின்மை, ஏதோ ஒரு வைட்டமின் என்று இணையத்தில் பத்துக் காரணம் போட்டிருந்தது. கடைசியாக இருந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற ஒன்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்த பரீட்சையில் பத்தில் இரண்டைத்தான் அப்பாவுக்கு அடையாளம் தெரிந்தது. மற்ற எட்டின் எண்ணிக்கையும் முன்பு போட்டதைவிட நிறைய விலகியிருந்தது. மேடம் அவரை நிறுத்திப் பேசினார். நான் மூலையில்தான் இருந்தேன்.

"இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படியே வந்தா எண்ணறதைக் கண்ணாடிகிட்ட குடுத்துடலாம். நீங்க தகடு தயார் பண்றதை மட்டும் பாருங்க. அப்படியே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துடுங்களேன்."

"கண்ணுல பவர் மாறியிருக்கும் மேடம்."

"கண்ணு டாக்டரைச் சொல்லலை."

கீழே வந்து வண்டியில் ஏறும்போது, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை. நான் செய்த முதல் தப்பு இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. இருபது தகடு. ஐந்தாவது தகடு திரையில் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாய். அவர் நோட்டில் வரைந்திருந்த அதே நாய், காதுகூட அப்படியே. அப்பா எப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். "ஏய் வாண்டு, இங்க பாரு நம்ம நாய்க்காரரு" என்று சொல்வார், மேடத்தைக் கூப்பிடுவார், சிரிப்பார்கள், எல்லாம் சரியாகிவிடும்.

அப்பா கையிலிருந்த கருவியைச் சொடுக்கி எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

அடுத்து பல். சொடுக்கினார். அடுத்து குடை. எந்தக் குடையைப் பார்த்து "போன வருஷமே பார்த்துட்டேன்" என்றாரோ, அதே குடை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. புதிய ஆளைப் பார்க்கிற மரியாதையோடு கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். இடதுகோட்டைத் தொடுகிற பிஞ்சையும் எண்ணினார். கீழ்கோட்டைத் தொடுவதையும். ஒரு வரிசையை முடித்துவிட்டு, முடித்த வரிசைக்கே திரும்பிப் போனார். முப்பத்தொன்று என்று எழுதினார். எழுதிவிட்டு, "பரவாயில்லையே, இவருக்கு நிறைய இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

பேனாவால் என் உள்ளங்கையில் குறியீடுகளை எழுதிக்கொண்டேன். ஏழு எனக்கு அடையாளம் தெரிந்தது. அப்பா கை கழுவப் போனார்.

மற்றதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இன்றைக்குப் பள்ளி விட்டு வந்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடி அண்ணன் மட்டும் நின்றிருந்தார். எப்போதும் "வாம்மா, விஞ்ஞானி" என்பவர், "இன்னைக்கு வீட்டுக்குப் போயிடேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போகவில்லை. மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சு இருக்கிறது. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும்.

"இந்த இருபதுல பத்து பழசு. தெரிஞ்சுதா?" மேடத்தின் குரல்.

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூடத் தெரியலை?"

"இல்ல மேடம்."

"பத்துல ஏழு, நீங்க போன வருஷம் போட்ட அதே எண்ணு. ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை. மீதி மூணு கிட்டத்துலகூட வரலை. ஆறுன்னு போட்டது பத்தொம்போது ஆயிருக்கு. நான் ஒரு தகட்டை ரெண்டு தடவை எண்ணினா ரெண்டு மூணு மாறும். யாருக்கும் மாறும். மனுஷன் எண்ணினா அதுல கொஞ்சம் தப்பு இருந்தே தீரும். தப்பே இல்லைன்னா எண்ணலைன்னு அர்த்தம்."

எனக்கு அது தெரியாது. சத்தியமாக எனக்கு அது தெரியாது. எனக்குச் சரி என்றால் நூற்றுக்கு நூறு. பதினான்கை பதினைந்து என்று போட்டிருக்கலாம், ஒன்பதை எட்டு என்று போட்டிருக்கலாம். கூட ஒன்று, குறைய ஒன்று. அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் அப்பாவை ஏழு முறையும் முழு மதிப்பெண் வாங்க வைத்துவிட்டேன்.

"அந்த ஏழையும் அழிச்சு எழுதியிருக்கு. பாருங்க. நோட்டைத் திறந்தீங்களா?"

தாளைப் புரட்டுகிற சத்தம். மறுபடி புரட்டுகிற சத்தம். அப்பா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"கையெழுத்து என்னுதுதான்."

அது என் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்கே கோடு போட, நான்கின் தலையை மூட எனக்குக் கற்றுக் கொடுத்தது அவர்தான். மூன்று வயதில் என் கையைப் பிடித்து எழுத வைத்தார். நான் அவர் கையெழுத்தைப் போலியாகப் போடவில்லை. எனக்கு வேறு மாதிரி எண் எழுதத் தெரியாது.

"கையெழுத்தை நான் கேக்கலை. திறந்தீங்களா?"

"திறந்திருப்பேன்."

"திறந்திருப்பேன்னா?"

"திறந்தேன் மேடம்." அப்பாவின் குரல் மிக மெதுவாக வந்தது. "வேற யாரு திறக்கப் போறா?"

அந்தக் கதவுக்கும் எனக்கும் நான்கு அடி. எழுந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன். 'நான்தான் மேடம் எழுதினேன்', மூன்றே வார்த்தை. சொன்னால் அடுத்து மேடம் ஏன் என்று கேட்பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, இடது வலது தெரியவில்லை, எண்ணியதையே மறுபடி எண்ணுகிறார், அதனால்தான் என்று. கைப்பிடி சில்லென்று இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இருபத்தாறு வருஷம். உங்க எண்ணை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை," என்றார் மேடம். திட்டுகிற குரல் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. "இப்ப ரெண்டு வருஷமா நீங்க எண்ணினது அத்தனையையும் ஓரம் கட்டணும். அறுபத்திரண்டு குடும்பம். செத்துப் போன அன்னைக்கே அழுதுட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்தவங்க."

"தகடெல்லாம் நல்லா இருக்கு மேடம்," என்றார் அப்பா. "தகட்டுல எந்தத் தப்பும் இல்லை. கண்ணாடித் தம்பியை முதல்லேருந்து எண்ணச் சொல்லுங்க. பிஞ்சு இருக்கு. நான் பார்த்திருக்கேன்."

வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "வந்துட்டியா. கிளம்பலாம்." கையில் ஒரு பழைய காகிதப் பை. அவருடைய கோப்பை, பென்சில் பெட்டி, சொடுக்குகிற கருவி. நோட்டை மேடம் வைத்துக்கொண்டார். கீழே இறங்கி நேராக ஒன்பதாம் தூணுக்குப் போனார். நான் அவர் சட்டையின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். எதுவும் கேட்காமல் வந்தார்.

வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைப் போட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"வாண்டு, அன்னைக்கு நான் அந்த இழுப்பறையைத் திறந்தேனா?"

"தெரியலப்பா. நான் படிச்சுட்டிருந்தேன்."

"ஓ," என்றார். "ஆமா, உனக்குப் பரீட்சை வருதில்ல."

எட்டு நாள் முன்னால் நான் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னது அவருக்கு அப்போது நினைவில்லை. அதற்காக நான் நிம்மதிப்பட்டேன். ஒரு நொடி, முழுதாக. அப்பாவுக்கு மறந்துபோனதற்காக நிம்மதிப்பட்ட பெண் நான்.

வீட்டில் அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "நீங்களா? நோட்டைப் பார்த்து எழுதினீங்களா? கேரம்ல காய் தப்பா விழுந்தாலே நீங்களே எடுத்து வெளிய வெப்பீங்களே. போய் வேற கதை சொல்லுங்க."

"நிஜமாத்தான்."

"எப்ப பார்த்தீங்க? எப்படி அழிச்சீங்க? சொல்லுங்க."

அப்பா மேசையில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். வண்டி, மறுபடி போட்ட உப்பு, இரண்டு முறை பூட்டிய கதவு, மூன்று முறை கேட்ட ஒரே கேள்வி, எல்லாம் அவள் தலைக்குள் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணு நீங்க ஏமாத்தியிருக்கணும்," என்றாள் மெதுவாக, "இல்லைன்னா..."

"ஏமாத்தினேன்னே வெச்சுக்கயேன்," என்றார் அப்பா.

அம்மா எழுந்து போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு இரண்டு கதவுதான் இருக்கிறது. ஒன்றில் அவர் திருடன், ஆனால் தலை தெளிவு. இன்னொன்றில் அவர் நல்லவர், ஆனால் உள்ளே ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டு வருகிறது. அவர் முதல் கதவுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அவரைக் கையைப் பிடித்து இழுத்து இரண்டாவதுக்குள் தள்ளுகிற மாதிரி. சொல்லாவிட்டால், தெருவில் கிடந்த பொருளைக்கூட உரியவரைத் தேடிக் கொடுக்கிற என் அப்பா, நான் செய்த காரியத்துக்காகத் தன்னைத் திருடன் என்று நம்பிக்கொண்டு சாக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நோட்டை மூடினேன். அப்பா. தூங்கவே இல்லை போலிருக்கிறது. கையில் என் பழைய கணக்குத் தாள் ஒன்று, அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். நினைவிலிருந்து ஓரங்களை வரைந்து வரைந்து பார்த்திருக்கிறார். பாதியில் நின்ற கோடுகள்தான் நிறைய. ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. காற்றில் திரும்பிப்போன குடை.

"தூங்கலையா நீ?"

"படிக்கறேன்ப்பா."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவரு ஞாபகம் இருக்காரு. எஸ் பதினேழு. எனக்கு இன்னும் முப்பத்தொண்ணு எண்ணின மாதிரியேதான் இருக்கு வாண்டு. கடைசி ஒண்ணு இடது ஓரத்துல இருந்துச்சு, அதைச் சொடுக்கினதுகூடக் கட்டைவிரல்ல இருக்கு. ஆனா நீ பதினாலுதான்னு சொன்ன. அது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அது சரியாகத்தான் வைத்திருக்கிறது. நான்தான் அன்றைக்கு அவர் கண் எதிரே நின்று அது பொய் என்று சொன்னேன்.

காலையில் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கூடத்து விளக்கு இன்னும் எரிகிறது, கதவின் அடியில் வெளிச்சம் தெரிகிறது. விடிய இன்னும் நான்கு மணி நேரம்தான். போவதற்கு முன்னால் அவர் கேட்டதை, கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"என் தலையை என்னால நம்ப முடியலைம்மா. நீ பக்கத்துலயே இருந்த. நீ சொன்னா நான் நம்பிக்கறேன். அந்த முப்பத்தொண்ணை நானா அழிச்சேன்?"